எட்டுக் கம்பி, மூன்று விலைப்புள்ளி

செப்டம்பர் 9, திங்கள்

இன்று அல்போன்ஸ் வந்து படகைப் பார்த்தார். தெரேஸ்புரத்துக்காரர். கிரேன்களுக்கு இரும்பு வடம் மாட்டுவது தொழில். பாய்மரத்தில் ஏறி, அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, கீழே இறங்கி, கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரலில் ரத்தம்.

"இழை இழையா விட்டுப்போயிருக்கு அண்ணாச்சி. எட்டுக் கம்பியையும் மாத்தணும். மாத்தாம பாயைக் கட்டுனா மரம் நம்ம தலையிலதான் விழும்."

"எவ்வளவு ஆகும்?"

"ஒன்னே முக்கால், ஒன்னே முக்காலே அரைக்கால் லட்சம்."

படகை வாங்கியதே எண்பத்தைந்தாயிரத்துக்கு. அதுவும் நான் வாங்கவில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம் இரண்டு இரும்பு பீரோ எடுக்கலாம் என்று ஓர் ஏலத்துக்குப் போனேன். மனைவி ஜெனோவாவையும் அழைத்துப் போனது என் தவறு. எவனோ வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன இருபத்து நாலு அடிப் பாய்ப்படகைக் கூவியபோது கையைத் தூக்கிவிட்டாள். கொசு விரட்டினேன் என்கிறாள். கொசுவை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்தாயிரம் கூட்டியா விரட்டுவார்கள் என்று கேட்டால் சமையலறைக்குப் போய்விடுகிறாள். பீரோ வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு வருடமாகப் படகு கரையில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. எங்கள் துணிமணிகள் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன.

அல்போன்ஸிடம் சொன்னேன்: "வாய்ப்பேச்சு செல்லாது. எழுதிக் குடுங்க. இன்னும் ரெண்டு பேருகிட்டயும் எழுதி வாங்கணும். மூணு விலைப்புள்ளி இல்லாம நான் எதையும் முடிவு பண்றதில்ல."

"பாய்ப்படகுக்குக் கம்பி போட இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான இருக்கேன்."

"அப்ப இன்னும் ரெண்டு பேரைத் தேடணும்."

கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். ஒரு தணிக்கைக் குறிப்புகூட என் பெயரில் கிடையாது.

செப்டம்பர் 14, சனி

ஜெனோவாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண் முதலில் போகும். இடது கண்ணில் பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும். சொட்டு மருந்து விட்டால் மெதுவாகப் போகும், ஆனால் போனது திரும்பாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

ஆட்டோவில் வரும்போது அவள் அழவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அதுக்குள்ள ஒரு நாள் நம்ம படகுல போயி, கடலுக்குள்ள நின்னு மாதா கோயில் கோபுரத்தப் பாக்கணும். அங்க இருந்து பாத்தா ஊரே அவ மடியில இருக்கிற மாதிரி தெரியும்னு எங்க அப்பா சொல்லுவாவ. நீங்களும் நானும் போவணும். சரியா?"

சரி என்றேன். கம்பி விஷயம் முடியட்டும் என்றும் சொன்னேன்.

மற்றபடி, இது ஒரே ஒரு டாக்டரின் கருத்து. ஒரே ஒரு விலைப்புள்ளியை நம்பி நான் ஒரு குண்டூசிப் பெட்டிகூட வாங்கியதில்லை.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை நாள். உட்கார்ந்து எல்லா வழிகளையும் ஆராய்ந்தேன்.

கம்பிகள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு மூன்று. ஆக எட்டு. எட்டில் ஒன்று அறுந்தாலும் ஏழு பாக்கி இருக்கிறது. நூற்றுக்கு எண்பத்தேழரை மதிப்பெண், அது முதல் வகுப்புக்கும் மேல். இதை அல்போன்ஸிடம் போனில் சொன்னேன். "மரத்துக்குப் பரீட்சை எழுதத் தெரியாது அண்ணாச்சி" என்றார்.

அடுத்த வழி, வருடத்துக்கு இரண்டு கம்பி வீதம் மாற்றுவது. செலவு நான்கு வருடத்துக்குப் பரவும். ஜெனோவாவிடம் விளக்கினேன்.

"நாலு வருசம் கழிச்சு என்னைக் கூட்டிட்டுப் போயி என்ன செய்யப் போறிய? கோபுரத்தத் தடவியா பாக்க முடியும்?"

மூன்றாவது, நைலான் கயிறு. மாடியில் ஆறு வருடமாக ஈரப் போர்வையைத் தாங்குகிறது. இது குறித்து யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

அக்டோபர் 19, சனி

மதுரையில் ஒரு டாக்டர், திருநெல்வேலியில் ஒரு டாக்டர். இரண்டும் முடிந்தது. மூன்று பேரையும் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். மூன்று பேரும் ஒரே நோய், ஒரே மருந்து, ஏறக்குறைய ஒரே காலம் சொல்கிறார்கள்.

என் அனுபவத்தில் மூன்று புள்ளிகளும் ஒன்றாக இருந்தால் உள்ளுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட டெண்டரை ரத்து செய்துவிட்டு மறுபடி கோருவதுதான் முறை.

ஜெனோவாவிடம் நான்காவது டாக்டர் பற்றிச் சொன்னேன். அவள் சொட்டு மருந்தை நீட்டி, "முதல்ல இத விடுங்க" என்றாள். விட்டேன். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

அக்டோபர் 23, புதன்

காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். டம்ளரின் வாய் குறுகல். கடைக்குப் போய் அகலமான டம்ளர் ஆறு வாங்கி வந்தேன். விலைப்புள்ளி கேட்கவில்லை. அவசரக் கொள்முதல்.

நவம்பர் 3, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது அல்போன்ஸ் எதிரில் வந்தார். ஜெனோவாவைப் பார்த்து, "அக்கா, கம்பி அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நம்ம வள்ளத்துல ஒரு நாள் காலையில போயிட்டு வந்துருவோம். ஒரு மணி நேரம்" என்றார்.

நல்ல யோசனை, நீ போய் வா என்று உடனே சொன்னேன். நீங்கள் வரவில்லையா என்று கேட்டாள். வள்ளத்துக்கு உயிர்காக்கும் உடுப்பு தொடர்பான சான்றிதழ் உண்டா என்பது தெரியவில்லை, அது தெரியாமல் நான் ஏறுவது முறையல்ல என்றேன். அவளுக்கு மட்டும் முறையா என்று அல்போன்ஸ் கேட்டார். அந்த ஆளுக்கு வாய் அதிகம்.

ஜெனோவா சிரித்தாள். "விடுங்க தம்பி. இவிய வராம நான் மட்டும் எதுக்குப் போவணும்? வந்தா ரெண்டு பேரும் வாரோம்."

நவம்பர் 14, வியாழன்

மழை. படகுக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். ஏணி வைத்து ஏறி உள்ளே உட்கார்ந்தேன். காற்று அடித்ததில் படகு மரக்கட்டை மேல் லேசாக ஆடியது. ஓர் அங்குலம் இருக்கலாம். வாந்தி எடுத்துவிட்டேன்.

கீழே வலை பின்னிக்கொண்டிருந்த ஆள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கரையிலயேவா அண்ணாச்சி?" என்றான். காலையில் சாப்பிட்ட இடியாப்பம் சரியில்லை என்றேன்.

என் பெயரோடு மோத்தா என்ற கடலோடிக் குடும்பப் பெயர் இருப்பதால், கடல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். அறுபத்தோரு வயதில் நான் ஒரு தடவைகூடக் கடலில் இறங்கியதில்லை. இது ஜெனோவாவுக்கு மட்டும் தெரியும். இதற்கும் கம்பிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கே ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 27, புதன்

மூன்று விலைப்புள்ளிகளும் வந்துவிட்டன! மூன்றையும் அல்போன்ஸே கொண்டு வந்தார்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எந்த அலுவலகத்திலும் ஒரே ஆள்தான் மூன்றையும் கொண்டு வருவார். தன்னுடையது ஒன்று, கொஞ்சம் கூடுதல் விலை போட்டு மச்சான் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று. காகிதம் மூன்றும் வெவ்வேறு நிறத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் கோப்பில் இருப்பதை மட்டும்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பதில்லை.

அல்போன்ஸ்: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். அவர் மச்சானின் ஐஸ் கம்பெனி: இரண்டு லட்சத்து நாலாயிரத்து ஐந்நூறு. மூன்றாவது, ரோஸ் நிறக் காகிதத்தில், 'மெற்றில்டா தையலகம், பிளவுஸ், சுடிதார், பாவாடை, ஃபால்ஸ் அடித்துத் தரப்படும்': தொண்ணூற்று ஒன்பதாயிரத்து நூறு.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி.

அல்போன்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. மனைவி மெற்றில்டாவிடம் கடை லெட்டர்பேடில் ஏதாவது பெரிய தொகையாக எழுது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்குப் பொய்க்கணக்கு எழுத வரவில்லை. கொச்சியில் கடைக்கே போன் போட்டு, கம்பி மீட்டர் என்ன விலை, முறுக்கி இறுக்கும் திருகு என்ன விலை என்று கேட்டு, எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் கூலி என்று போட்டு, ஒரு கம்பிக்கு முந்நூற்றைம்பது வீதம் எட்டுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சேர்த்திருக்கிறார். முந்நூற்றைம்பது என்பது லைனிங் வைத்த பிளவுஸுக்கு வாங்குகிற கூலியாம்.

"நான் படிச்சுப் பாக்காம கொண்டாந்துட்டேன் அண்ணாச்சி. அதைக் கிழிச்சுப் போடுங்க."

"கோப்புல ஏறிட்டுது. கிழிக்க முடியாது."

டிசம்பர் 10, செவ்வாய்

விதிப்படி குறைந்த விலை கொடுத்தவருக்குத்தான் ஆணை தர வேண்டும். ஆனால் தையல் கடைக்குப் பாய்மரக் கம்பி மாற்றிய முன் அனுபவம் உண்டா? இல்லை. அனுபவச் சான்று இல்லாதவருக்குத் தரலாமா? கூடாது. குறைந்த விலையை ஒதுக்கிவிட்டுக் கூடுதல் விலைக்குத் தரலாமா? அதுவும் கூடாது. எனவே மறுபடியும் முதலிலிருந்து விலைப்புள்ளி கோருவது பற்றி ஒரு குறிப்பு எழுத ஆரம்பித்தேன். ஏழு பக்கம். நன்றாக வந்திருக்கிறது.

ஜெனோவா கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். வலது பக்கம். நெற்றியில் வீக்கம். கதவு நிலை கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது, கொத்தனார் தவறு.

டிசம்பர் 16, திங்கள்

குறிப்பு பதினோரு பக்கம்.

டிசம்பர் 25, புதன்

இரவுப் பூசைக்குப் போய் வந்து தூங்கி, காலையில் எழுந்துதான் குடிலைப் பார்த்தேன். எல்லா வருடமும் ஜெனோவாதான் வைப்பாள், யாரையும் தொட விடமாட்டாள். வைக்கோல் அழகாகப் பரப்பியிருந்தாள். குழந்தை இயேசு சரியான இடத்தில் இருந்தார். இடது பக்கம் சூசையப்பர். வலது பக்கம், மாதா இருக்க வேண்டிய இடத்தில், ஒட்டகம். மூன்று ராஜாக்களும் அதைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மாதா ஆடுகளோடு மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெனோவா சமையலறையிலிருந்து, "குடில் எப்படி இருக்கு? நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா வந்திருக்கு."

களவு செய்கிறவன்போலச் சத்தம் கேட்காமல் ஒட்டகத்தையும் மாதாவையும் இடம் மாற்றினேன். வலது கண் போய்விட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. கொத்தனார் மேல் தவறில்லை.

டிசம்பர் 26, வியாழன்

கோப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன், வேறொருவன் எழுதியதைத் தணிக்கை செய்கிற மாதிரி. டாக்டர் சொன்ன நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் நூற்று மூன்று நாள். நடவடிக்கை: ஒன்றுமில்லை. தாமதத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், 'தகுதியான விலைப்புள்ளிகள் கிடைக்கப் பெறாமை' என்று என் கையெழுத்தில் இருந்தது.

அதை அடித்துவிட்டு, 'பயம்' என்று எழுதினேன். பொறுப்பு யார் என்ற கட்டத்தில் பி. மோத்தா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் என் பெயரில் எழுதப்பட்ட முதல் தணிக்கைக் குறிப்பு. அதை எழுதும்போது வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு மெற்றில்டா தையலகத்துக்கு நேரில் போய் ஆணையைக் கொடுத்தேன். பாதிப் பணம் முன்பணம். அந்த அம்மாள் மிஷினிலிருந்து எழவில்லை. காகிதத்தைப் படித்துவிட்டு, "எப்ப வேணும்?" என்றார்.

"சீக்கிரம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ. தேதி சொல்லுங்க."

டிசம்பர் 28, சனி

மெற்றில்டா அளவெடுக்க வந்தார். கழுத்தில் தையல் டேப், கையில் நோட்டு. அல்போன்ஸை மரத்தின் உச்சிக்கு ஏற்றி, டேப் போதாமல் நான்கு டேப்பை ஊக்குப் போட்டு இணைத்து, ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு தடவை அளவு எடுத்தார். நோட்டில் எங்கள் படகு, 'திருமதி ஜெனோவா, படகு, 8' என்று ஒரு பட்டுப் பிளவுஸுக்கும் ஒரு ஸ்கூல் யூனிஃபார்முக்கும் நடுவில் இருந்தது.

அல்போன்ஸ் மேலேயிருந்து, "பழைய கம்பிய கழட்டி அளந்தாப் போதும்ட்டி" என்றார்.

"பழைய பிளவுஸ வெச்சு அளவெடுத்தா பழைய தப்புதான் வரும். நீங்க டேப்பப் பிடிங்க."

ஜெனோவா படகின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறாள். வீடு திரும்பும்போது, "என்ன திடீர்னு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

"ஒட்டகத்த நீங்க மாத்துனிய. தடவிப் பாத்தேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுரோட்டில், பட்டப்பகலில், கல்யாணமான முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவை.

ஜனவரி 16, வியாழன்

எட்டுக் கம்பியும் மாட்டியாயிற்று. வேலை செய்தது அல்போன்ஸ், அதிகாரம் செய்தது மெற்றில்டா. அல்போன்ஸுக்குக் கூலி எவ்வளவு தருகிறீர்கள் என்று மெற்றில்டாவிடம் கேட்டேன். "வீட்டு ஆளுதான, சாப்பாடு போடுறேன்" என்றார்.

மீதிப் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "ட்ரையல் பாக்காம நான் காசு வாங்குறதில்ல. போட்டுப் பாத்து, எங்கயாவது பிடிக்குது, லூசா இருக்குன்னா சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் வாங்குவேன்."

படகுக்கு ட்ரையல் என்றால் கடலுக்குப் போவது. அதற்கு நானும் வர வேண்டுமாம். போட்டுப் பார்க்கிற ஆள் இல்லாமல் எப்படி ட்ரையல் பார்ப்பது என்கிறார்.

ஜனவரி 25, சனி

போனேன்.

காலை ஆறரை. அல்போன்ஸ் சுக்கான் பிடித்தார். மெற்றில்டா ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனோவா முன்னால். நான் நடுவில், இரண்டு கையாலும் உட்காரும் பலகையைப் பிடித்துக்கொண்டு. கரையிலிருந்து இருபது மீட்டரில் ஒரு வாந்தி. அலைத்தடுப்பைத் தாண்டும்போது இன்னொன்று. அல்போன்ஸ் பாயை ஏற்றியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சேசுவே என்று கத்திவிட்டேன். படகு சாய்வது இயல்பு என்றார்கள். இப்படி ஓர் இயல்பு இருப்பதாக ஏலத்தில் யாரும் சொல்லவில்லை.

"இடது பக்கம் லூசா இருக்கு. கொஞ்சம் பிடிக்கணும்" என்று மெற்றில்டா நோட்டில் குறித்தார்.

வெளியே போய் நின்றோம். பனிமூட்டம். கரையே தெரியவில்லை. வெறும் வெள்ளை. ஜெனோவா திரும்பி, "தெரியுதா?" என்று கேட்டாள்.

நூற்று மூன்று நாள் என் கண் முன்னால் வந்தது. நான் வாயைத் திறந்து, "தெரியுது. ரெண்டு பக்கமும் வீடு. நடுவுல கோபுரம். உச்சியில சிலுவை. வெயில் பட்டு மினுங்குது" என்றேன். பொய்யான பில் ஒன்றைக்கூடப் பாஸ் பண்ணாத நான், ஒரு முழு ஊரையே பொய்யாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அல்போன்ஸும் மெற்றில்டாவும் என்னையே பார்த்தார்கள்.

ஜெனோவா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

"எனக்கு இன்னும் ஒரு கண்ணு இருக்குங்க. மூட்டமா இருக்குன்னு எனக்கே தெரியுது. வெயிலாம், மினுங்குதாம்!"

பிறகு, "திங்கக்கெழம வருவோம்" என்றாள். இடது பக்கம் பிடித்துத் தர மெற்றில்டாவுக்கும் ஒரு நாள் வேண்டுமாம்.

ஜனவரி 27, திங்கள்

இன்று வானம் சுத்தமாக இருந்தது. வாந்தி ஒன்றுதான்.

அலைத்தடுப்பைத் தாண்டி வெகுதூரம் போய் அல்போன்ஸ் படகைத் திருப்பினார். ஊர் முழுவதும் ஒரு கோடாகத் தெரிந்தது. நடுவில் கோபுரம். எனக்குத் தெரிந்தது, மெற்றில்டாவுக்குத் தெரிந்தது. ஜெனோவாவுக்குக் கிடைக்கவில்லை. முகத்தை இங்கும் அங்கும் ஆட்டி ஆட்டித் தேடினாள். ஆடுகிற படகிலிருந்து குழாய் வழியாகத் தேடுவது எப்படி இருக்கும். "எங்க? எங்க இருக்கு?" என்றாள்.

நான் பலகையை விட்டேன். முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை. எழுந்து நின்றேன். படகு சாய்ந்தே இருந்தது. பயம் கொஞ்சமும் குறையவில்லை, ஆனாலும் அவளிடம் போய்விட்டேன். அவள் கையை எடுத்துப் பக்கத்துக் கம்பியில் வைத்தேன். பின்னால் நின்று, தாடையைப் பிடித்து, கன்னம் கம்பியில் படும்படி முகத்தைத் திருப்பினேன்.

"கம்பியவே பாரு. வேற எங்கயும் பாக்காத. அல்போன்ஸ், படகைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். போதும், போதும்."

கம்பியின் ஓரத்துக்குக் கோபுரம் மெதுவாக நகர்ந்து வந்து நின்றது.

அவள் மூச்சு நின்றதை நான் கையால் உணர்ந்தேன்.

"கிடச்சிட்டு" என்றாள். சற்று நேரம் கழித்து, "இவ்வளவு சின்னதாவா இருக்கும்?"

"தூரத்துல இருக்கோம்ல."

"அப்ப நாம ரொம்ப தூரம் வந்துட்டமா?"

"ரொம்ப தூரம்."

"நீங்களுமா?"

"நானுந்தான்."

அவள் திரும்பவில்லை. கன்னத்தைக் கம்பியோடு அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். காற்று கூடியது. படகு இன்னும் சாய்ந்தது. எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அல்போன்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கரைக்குத் திருப்பிரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அவள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.